நாலு கொத்தனார், ரெண்டு வீடு: எம்எஸ் புராஜெக்டில் சரிசெய்தது

பாளையங்கோட்டையில் ஒரு வீடு, மேலப்பாளையத்தில் ஒரு வீடு. கொத்தனார் மொத்தம் நாலு பேர்தான். வேலை அட்டவணை போடும் மென்பொருளான எம்எஸ் புராஜெக்டில், ஒரே வாரத்தில் அங்கே மூணு, இங்கே ரெண்டு என்று போட்டும், ஆள் கணக்கு மிஞ்சினால் வரும் சிவப்பு ஆள் குறி வரவில்லை. காரணம், ரெண்டும் தனித்தனிக் கோப்பு. ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது.

ஆட்களுக்கென்றே ஒரு கோப்பு திறந்து, ரிசோர்ஸ் ஷீட்டில் (ஆள் பட்டியலில்) 'கொத்தனார்', மேக்ஸ் யூனிட்ஸ் 400% (ஆளுக்கு 100%) என்று போட்டேன். அதை மூடாமல், ஒவ்வொரு வீட்டுக் கோப்பிலும் ரிசோர்ஸ் பூல், ஷேர் ரிசோர்சஸ் போய் அதை இணைத்ததும் 500% என்று சிவப்பு விழுந்தது. மேலப்பாளையத்துக் கட்டுவேலையைத் தள்ளினேன்.

காலண்டரை மறக்கவே கூடாது. ஸ்டாண்டர்டு காலண்டரில் சனிக்கிழமை விடுமுறை. நம்ம ஊரில் அன்றைக்கு வேலை உண்டு. ஆனித் தேரோட்டத்தன்று ஆள் வராது, அதை விடுமுறையாக்குங்கள்.

பூச்சு 80 மணி நேர வேலை: ஃபிக்ஸ்டு யூனிட்ஸ் என்ற வேலை வகையில் 100%ஐ 200% ஆக்கினால் 10 நாள் 5 ஆகும், சரிதான். கான்கிரீட் நனைப்பு அப்படிச் சுருங்கவே கூடாது. அதற்கு, ஆளைக் கூட்டினாலும் நாள் மாறாத ஃபிக்ஸ்டு டியூரேஷன் வகை. வேலை தொடங்குமுன் பேஸ்லைன் (முதலில் போட்ட திட்டத்தின் பதிவு) வைத்துவிட்டு, சனிதோறும் ஆக்சுவல் வொர்க்கை (உண்மையில் நடந்த வேலை நேரத்தை) ஏற்றுங்கள்.