விசேட தேவையுள்ள பெரியவருக்கு வீட்டில் துணை நிற்பது: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு செய்முறை

பள்ளிக்கூடக் காலம் முடிந்த பிறகு விசேட தேவையுள்ள பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் வீட்டுக்குள்தான். அம்மா குளிக்க வார்ப்பார், அம்மா தீத்துவார், அம்மா சேட்டுக்குப் பொத்தான் பூட்டுவார். பிள்ளைக்கு 34 வயதாகிவிடும், அம்மாவுக்கு 65. ஒருநாள் அம்மா இடுப்பு வலியோடு படுத்துவிட்டால்தான் மற்றவர்கள் முழிப்பார்கள். இவருக்கு என்ன செய்யத் தெரியும், என்ன தெரியாது என்பது வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது.

இந்தப் பதிவு அந்த மற்றவர்களுக்கு. தங்கச்சியாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்தவராகவும் இருக்கலாம். டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர் எதுவானாலும் அன்றாட வேலை பழக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். உதாரணங்களை எங்கள் திருகோணமலை வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஏற்றபடி தருகிறேன்.

படி 1: ஒரு கொப்பி வாங்குங்கள்

சாதாரண சி.ஆர். கொப்பி போதும். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை அவர் தானாகச் செய்வது எது, சொன்னால் செய்வது எது, மற்றவர்கள் செய்துவிடுவது எது என்று எழுதுங்கள். அம்மாவைக் கேட்டு எழுத வேண்டாம், கண்ணால் பார்த்து எழுதுங்கள். "அவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று அம்மா சொல்கிற அதே ஆள், அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த பிஸ்கட் டின்னைக் கண்டுபிடித்து, மூடியை நெம்பித் திறந்து, நாலை எடுத்துவிட்டுத் திரும்பவும் மூடி வைத்திருப்பார். அந்த விரல்களுக்குப் பற்பசை மூடியும் திறக்க வரும். அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

எந்தச் சத்தம் பிடிக்காது, எந்த நேரத்தில் சிணுங்குவார், எதைக் கண்டால் முகம் மலரும் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறகு இதுதான் அதிகம் உதவும்.

படி 2: வயதுக்கேற்ற பேச்சு

அவர் உங்களுக்கு அண்ணா என்றால் அண்ணா, மாமா என்றால் மாமா. தாடி வைத்த ஆளை "செல்லக்குட்டி, ஆ காட்டு" என்று கெஞ்ச வேண்டாம். வீட்டுக்கு வருபவர்கள் அவருக்கு முன்னாலேயே "இவர் சாப்பிட்டாரோ?" என்று உங்களிடம் கேட்பார்கள். "அண்ணாவிட்டயே கேளுங்கோ" என்று திருப்பிவிடுங்கள். பதில் வர நேரம் எடுக்கும், எடுக்கட்டும். பேச்சு வராதவராக இருந்தாலும் தலையாட்டுவார், கை நீட்டுவார், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்புவார். அவையும் பதில்தான்.

தெரிவு கேட்கும்போது பொருளைக் கண்ணில் காட்டுங்கள். "என்ன உடுக்கப்போறீங்க?" என்ற கேள்வி பலருக்குப் பெரிசு. இரண்டு சேட்டை எடுத்து இரண்டு கையில் பிடித்தால் சுலபம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனாலும் இதே கதைதான். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. நீங்கள் ஒன்றைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகாமல், விரலை விட்டுப் பார்த்து எது வேண்டும் என்று அவரே காட்டட்டும். நீங்கள் நினைத்ததற்கு மாறாக அவர் தெரிவு செய்தால், ஆபத்து ஒன்றும் இல்லையென்றால், விட்டுவிடுங்கள். யாரோடு, எங்கே, எப்படி வாழ்வது என்பதில் தெரிவு செய்யும் உரிமை இவர்களுக்கும் உண்டு என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. அது சேட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 3: ஒரே ஒரு வேலை, கடைசித் துண்டிலிருந்து

பல் துலக்குவது, சாறம் உடுப்பது, பாய் சுருட்டுவது என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒரு வாரத்தில் இரண்டு பேரும் களைத்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். நான் சிபாரிசு செய்வது பிளேன்டீ. செய்து முடித்தவுடன் குடிக்கலாம், அதைவிடப் பெரிய பரிசு தேவையில்லை.

முதலில் நீங்கள் ஒரு தரம் மெதுவாகப் போட்டுப் பாருங்கள். உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனித்து எழுதினால் இப்படி வரும்: கேத்தலில் கோடு வரைக்கும் தண்ணீர், சுவிட்ச், வடியில் தேயிலை, கோப்பைக்கு மேல் வடி, சுடுதண்ணீர், வடியை எடுத்து வைப்பது, ஒரு கரண்டி சீனி, கலக்குவது, மேசைக்குக் கொண்டுபோவது. ஒன்பது துண்டுகள். கொதித்தவுடன் தானாக நிற்கும் மின்சாரக் கேத்தல்தான் நல்லது, காஸ் அடுப்பு இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் அளவுக்கு வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுங்கள். பேனாக் கோடு நாலு நாளில் அழிந்துவிடும்.

முதல் துண்டிலிருந்து பழக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். தலைகீழாகச் செய்யுங்கள். எட்டுத் துண்டுகளை நீங்கள் செய்துவிட்டு, ஒன்பதாவதை, அதாவது மேசைக்குக் கொண்டுபோவதை மட்டும், அவரிடம் விடுங்கள். கொண்டுபோனார், இருந்தார், குடித்தார். அது கைக்கு வந்ததும் கலக்குவதும் அவருடையது. பிறகு சீனி. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்துவைப்பவர் அவர்தான். முன்னாலிருந்து தொடங்கினால், பாதி வழியில் நீங்கள் கோப்பையை வாங்கி முடிப்பதைத்தான் அவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுடுதண்ணீர் ஊற்றும் துண்டு சிலருக்கு வரவே வராது. கை நடுங்குபவருக்கு அதை நீங்களே செய்யுங்கள், மிச்சம் எட்டும் அவருடையதாக இருக்கட்டும். ஒரு துண்டு வரவில்லை என்பதற்காக முழு வேலையையும் பறிக்க வேண்டியதில்லை.

படி 4: எவ்வளவு உதவி

இதுதான் கஷ்டமான பகுதி, உங்களுக்கு. அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். சிலருக்குக் கேட்டது மூளையில் பதிந்து கைக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். நாலாவது செக்கனில் நீங்கள் திரும்பவும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பத்து எண்ணியும் அசைவில்லையா? சீனிப் போத்தலைப் பாருங்கள், அல்லது விரலால் காட்டுங்கள். அதுவும் சரிவராவிட்டால் "சீனி" என்று ஒரு சொல். அடுத்தது, நீங்கள் ஒரு தரம் செய்துகாட்டுவது. கையைப் பிடித்துச் செய்விப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் "கையைப் பிடிக்கட்டா?" என்று கேட்டுவிட்டு. இந்த வரிசையில் வாய்ப்பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விரலால் காட்டுவதை மெல்லமெல்லக் குறைத்துவிடலாம். ஆனால் "இப்ப சீனி போடுங்கோ, இப்ப கலக்குங்கோ" என்று பழக்கிவிட்டால், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லும்வரை அவர் காத்திருக்கப் பழகிவிடுவார். பிறகு அந்தப் பேச்சை நிறுத்துவது லேசில்லை.

வேலை நடக்கும் இடத்தில் படம் ஒட்டுவது நல்லது. உங்கள் வீட்டுக் கேத்தலையும் கோப்பையையும் போனில் படமெடுத்து அச்சடித்து, வரிசையாகச் சுவரில் ஒட்டினால் போதும். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு நாள் முழுவதுக்கும் இப்படி ஒரு வரிசை இருந்தால் பாதிச் சண்டை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாளுக்கென்று தனியாக ஒரு வரிசை வைத்திருங்கள். வழமை குழம்புவது அந்த நாட்களில்தான்.

படி 5: கிணற்றடியும் கதவும்

வாளி, சவர்க்காரம், துவாய் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே வரிசையில். தலைக்குத் தண்ணீர் வார்க்க முதல் காலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுங்கள். குளிப்பையும் தேத்தண்ணி மாதிரியே துண்டாக்கலாம், அதைத் திரும்ப எழுதவில்லை. நான் சொல்ல வந்தது மறைப்பு பற்றி. பெரியவர் ஒருவர் கிணற்றடியில் எல்லோரும் பார்க்க உடுப்பில்லாமல் நிற்பதை "அவருக்கு என்ன தெரியும்" என்று விடுகிற வீடுகள் உண்டு. குளியலறைக் கதவைச் சாத்துவதும், சாறம் மாற்றும்போது மற்றவர்கள் வெளியே போவதும் அவருடைய மரியாதைக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும்தான். யார் முன்னாலும் உடுப்புக் கழற்றலாம் என்று பழகிய ஒருவருக்கு, தொடக்கூடாத ஆள் தொடும்போது அது பிழை என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தரமும் தொட முதல் கேளுங்கள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டால் நிறுத்துங்கள். பெண்களுக்குப் பெண்தான் துணை நிற்க வேண்டும். மாதவிடாய்க்கு பேட் மாற்றுவதையும் அதே துண்டு முறையில், முடிந்தால் சாதாரண நாளில் உள்ளாடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பழக்குங்கள்.

படி 6: கடையும் பஸ்ஸும்

காசு எண்ணத் தெரிந்த பிறகுதான் கடை என்றால் அவர் கடைக்குப் போகவே மாட்டார். நிறத்தில் தொடங்குங்கள். 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை. சின்னப் பை ஒன்றில் சாமானின் படமும், விலைக்குக் கொஞ்சம் மேலான ஒரு தாளும் வையுங்கள். அவர் செய்ய வேண்டியது தாளைக் கொடுப்பதும், மிச்சத்துக்குக் கை நீட்டி நிற்பதும். கடைக்கார அண்ணாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: என்னைப் பார்த்துக் கேட்காதீங்கோ, அவரைப் பார்த்துக் கேளுங்கோ.

பஸ்ஸுக்கு ஒரே பாதையைத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். டவுனில் ஏறி உப்புவெளியில் இறங்குவது என்று வையுங்கள். நிலாவெளி வீதியில் யுத்த மயானம் கண்ணில் பட்டால் எழும்பத் தயாராக வேண்டும் என்பது மாதிரி, மாறாத அடையாளம் ஒன்றைப் பிடியுங்கள். கடைப் பலகைகள் மாறிவிடும். முதலில் பக்கத்தில் இருங்கள், பிறகு இரண்டு சீற் தள்ளி, பிறகு இறங்கும் இடத்தில் காத்திருங்கள். சட்டைப் பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனால் கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் பழப்பையைக் கண்டால் கிட்ட வரும். சிலருக்கு அது கொண்டாட்டம், சிலர் வெருண்டு வீதிக்கு ஓடுவார்கள். மணிச் சத்தம் தாங்காதவருக்குக் காதில் பஞ்சு.

படி 7: கோபம் வந்தால் முதலில் உடம்பைப் பாருங்கள்

திடீரென்று அடிக்கிறார், தலையைச் சுவரில் மோதுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார். "பிடிவாதம்" என்று முடிவு கட்ட முதல் பல், காது, வயிறு. எத்தனை நாளாக மலம் போகவில்லை? சொல்லத் தெரியாதவரின் பல்வலி இப்படித்தான் வெளியே வரும். கொப்பியில் சம்பவத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். பக்கங்கள் சேர்ந்த பிறகு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர் வரவரச் சோம்பி, உடம்பு வைத்துக்கொண்டு போனால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். அவர்களுக்குத் தைரொயிட் சுரப்புக் குறைவது அதிகம் வரும். 40 வயதுக்கு மேல் தெரிந்த வேலை மறக்கத் தொடங்கினாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மறதி நோய் அவர்களுக்கு வெள்ளெனவே வரக்கூடும்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். தலைக்குக் கீழ் துணி, உடலை ஒருபக்கம் சரித்து, மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

படி 8: கடதாசி வேலை

தேசிய அடையாள அட்டை எடுக்காமலே 30 வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய் அதைத் தொடங்குங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். நீங்கள் துணை நிற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைத் தனியாக எழுதி எடுங்கள். அவர் தானாகச் செய்வது, உதவி வேண்டியது, குளிசை நேரம், பயப்படுவது, சமாதானமாவது எதனால், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் செருகுங்கள், மற்றதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். குளிசை மாறினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.