டொராண்டோவிலிருந்து சென்னை: டிக்கெட் போடுவதற்கு முன்

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். கொழும்பு என்றால் 14,000 பக்கம். டொராண்டோவும் சென்னையும் கிட்டத்தட்ட பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், அந்த நேர்வழி கிரீன்லாந்துக்கு மேலே ஏறி வடக்கே சுற்றி இறங்கும். ஆனால் அது வெறும் கணக்குதான்; சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது, எங்கேயாவது மாறித்தான் ஆகவேண்டும்.

எங்கே மாறுவது? தூரத்தை வைத்து யோசிக்க வேண்டாம். துபாய் வழியாகப் போனாலும் லண்டன் வழியாகப் போனாலும் மொத்தம் 14,000 கிலோமீட்டர்தான். வானில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய 17 மணி. மேற்கிலிருந்து காற்று எதிர்த்து அடிப்பதால் திரும்பி வரும்போது ஒன்றிரண்டு மணி கூடும். ஆக, ஒரு டிக்கெட் 20 மணி, இன்னொன்று 32 மணி என்று காட்டினால், வித்தியாசம் பெரும்பாலும் நடுவில் காத்திருக்கும் நேரம்தான்.

அதற்காக இருப்பதிலேயே குறைந்த கனெக்‌ஷனைப் பிடித்துவிடாதீர்கள். குறிப்பாக டிசம்பர், ஜனவரியில். பனி கொட்டும் நாளில் விமானம் கேட்டை விட்டு நகர்ந்த பிறகும் ஓரிடத்தில் வரிசையில் நிற்கும். லாரிகள் வந்து முதலில் ஆரஞ்சு நிறத் திரவத்தை அடித்து இறக்கையில் உள்ள பனியைக் கரைக்கும். அப்புறம் மறுபடி உறையாமல் இருக்கப் பச்சை நிறத்தில் ஒன்று. அரை மணி, முக்கால் மணி சாதாரணமாகப் போய்விடும். ஒண்ணேகால் மணி நேர கனெக்‌ஷன் அதோடு சரி. என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் மூன்று மணி இடைவெளியாவது வேண்டும். டெல்லி வழி என்றால் எந்த மாதமானாலும் நான்கு. இமிகிரேஷன் அங்கேயே முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போடவேண்டும்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் ஏர்லைன்ஸ்காரர்களே வேறொன்றில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மலிவு, ஆனால் தவறவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு, நடுவில் விமானம் மாறும் நாட்டின் டிரான்சிட் விசா வேண்டுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் இந்தியா பத்தரை மணி முன்னால்; மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை. ஜனவரியில் வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் இறங்கினால், கடிகாரக் கணக்கில் 30 மணி; உண்மையான பயணம் பத்தொன்பதரை மணிதான்.

கூப்பிட வருபவர்களிடம் "ஞாயிறு 4 மணி" என்று மட்டும் சொல்லாதீர்கள், சாயங்காலம் வந்து நிற்பார்கள். "சனிக்கிழமை ராத்திரி தூங்காம கிளம்பி வாங்க" என்று சொல்லுங்கள்.