திசையறியும் பாடம்: மரபறிவையும் அறிவியலையும் இணைத்துக் கற்பித்தல்

மரபறிவைக் கலைவிழா மேடையோடு நிறுத்திவிட்டால், பாட்டன் பாட்டி அறிந்தது அலங்காரம், பாடநூல் சொல்வதே அறிவு என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். கனடாவின் மிக்மாக் பழங்குடி மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் முன்வைத்த 'இருகண் பார்வை', இரு அறிவு மரபுகளின் வலிமையையும் சேர்த்தே பயன்படுத்தச் சொல்கிறது. மலேசியாவின் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் இதைத் திசையறிதலிலிருந்து தொடங்கலாம்.

அரண்மனை கட்டுவோர் கோல்களின் நிழலைப் பார்த்து, நண்பகலில் கயிறிட்டுத் திசை குறித்ததை நெடுநல்வாடை கூறுகிறது. அப்பகுதியைத் தமிழ்ப் பாடத்தில் முதலில் படியுங்கள். கோயில் கட்டுமானம் அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்து, கயிறு பிடிக்கும் முறையை அவருடைய சொற்களிலேயே விளக்கச் செய்வது இன்னும் சிறப்பு. பிறகு ஜூன் மாதத்தில் வெயிலுள்ள ஒரு நாளில், திடலின் சமதளத்தில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்தில் வட்டம் வரையுங்கள். நிழலின் நுனி 12 மணியளவில் வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும், 2.40 மணியளவில் மறுபக்கம் தொட்டு வெளியேறும். அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு மேற்கு கிழக்கைக் காட்டும். பள்ளி நேரம் போதாது என்பதால், புறப்பாட நடவடிக்கை உள்ள நாளே ஏற்றது.

நிழல் மிகவும் குறுகுவது 1.20 மணியளவில் என்பதைக் கண்டதும், "ஏன் டீச்சர், 12 மணிக்கு இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். அக்கேள்விக்காகவே இப்பாடத்தைப் பரிந்துரைக்கிறேன். பினாங்கு ஏறத்தாழ 100 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் கடிகாரமோ 1982 முதல் 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து, காந்தத் திசைகாட்டியைக் கோட்டருகே வையுங்கள். இரண்டும் மாறுபட்டால் கோல் சாய்ந்ததா, அருகில் இரும்பு இருக்கிறதா என்று இரு முறைகளையும் ஒரே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். மரபுக்கு மட்டும் சான்று கேட்பது நியாயமாகாது. எந்தத் திசையில் வாசல் வைத்தால் நலம் என்பது நம்பிக்கை. அதை மதிப்போடு கேட்கலாம், அறிவியலாகக் கற்பிக்கக் கூடாது.

நம் மரபு இந்நாட்டுப் பூர்வகுடிகளின் மரபன்று என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஓராங் அஸ்லி மக்களின் காட்டறிவைக் கற்பிப்பதானால், செமாய், தெமுவான் என அந்தந்தச் சமூகத்தின் பெயரைக் கூறி, அவர்களின் இசைவோடு, அவர்களுள் ஒருவரையே பேசச் செய்யுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாததைத் துருவிக் கேட்கக் கூடாது.

மதிப்பீட்டின்போது மாணவர்கள் இரு முறைகளிலும் திசை கண்டு, ஒவ்வொன்றும் எப்போது பிழைபடும் என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும். விளக்கிய பெரியவரின் பெயரையும் அவ்வறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.