இருவராக ஊர் சுற்றும்போது இரண்டு இடங்கள் போதும்
கணவனும் மனைவியும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது, ஒரே நாளில் ஆறேழு இடங்களைப் பட்டியலிடுவதைவிட, ஆளுக்கொன்றாக இரண்டை மட்டும் முடிவு செய்துகொள்வது நல்லது. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஒருவர் ஒவ்வொரு சிற்பத்தின் முன்பும் நின்று அதன் விரல் நகம் வரை உற்றுப் பார்ப்பவராகவும், மற்றவர் விறுவிறுவென நடப்பவராகவும் இருந்தால், மனத்தாங்கலுக்கு இடம் கொடுக்காமல், 1 மணி நேரம் தனித்தனியே பார்த்துவிட்டு நுழைவாயிலில் சந்திப்பதாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் ஒருவரையொருவர் தேடி அலைய வேண்டியிருக்காது. தனியே பார்த்ததை அப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூரியன் மறைவதற்கு முந்தைய 1 மணி நேரத்தில் வெயில் சாய்வாகவும் மென்மையாகவும் விழும் என்பதால், படம் எடுப்பதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.