சிறையில் இருப்பவரின் நஷ்டஈட்டு வழக்கு: கோத்தகிரியிலிருந்து கோவைக்கு மாற்றுவது எப்படி?

நீலகிரியில் மத்திய சிறை கிடையாது. தண்டனை பெற்றவர்கள் கோவைக்குத்தான் போகிறார்கள். அங்கே ஒருவர் அடிபட்டால், வீட்டார் பக்கத்திலிருக்கும் கோத்தகிரி கோர்ட்டில் வழக்குப் போட்டுவிடுகிறார்கள். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. உடலுக்கு நேர்ந்த தீங்குக்கான வழக்கை, தீங்கு நடந்த இடத்திலோ எதிர்வாதி இருக்கும் இடத்திலோதான் போடலாம் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 19). வாதியின் சொந்த ஊர் கணக்கில் வராது.

இடம் தவறிய வழக்கைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. சாட்சி விசாரணை தொடங்கவில்லை என்றால் வழக்குரையை, அதாவது வாதி தாக்கல் செய்த மூல வழக்கு ஆவணத்தை, திருப்பி வாங்குவதே நல்லது (அதே சட்டம், ஆணை 7, விதி 10). வழக்கை விசாரிக்கும் அதிகார எல்லை தனக்கு இல்லை என்று நீதிபதி சொன்னதும் விதி 10ஏ-யின் கீழ் ஒரு மனு போடுங்கள். கோவையில் எந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்யப் போகிறீர்கள் என்று குறிப்பிட்டு, அங்கே ஆஜராக நாள் குறித்து இரு தரப்புக்கும் அறிவிப்புத் தரக் கேளுங்கள். அது கிடைத்தால் கோவையில் மறுபடி சம்மன் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த மனு ஏற்கப்பட்டபின், திருப்பிய உத்தரவை எதிர்த்து அப்பீல் போக முடியாது.

வழக்குரை கைக்கு வந்ததும் அதில் எழுதியிருப்பதை அங்கேயே நின்று படியுங்கள். தாக்கலான தேதி, திருப்பிய தேதி, தாக்கல் செய்தவர் பெயர், காரணம் நான்கும் நீதிபதியின் குறிப்பில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கோவையில் காலக்கெடு கணக்கை நிரூபிக்கத் திண்டாட வேண்டிவரும்.

சாட்சியம் பெருமளவு பதிவாகிவிட்டதா? அப்படியானால் திருப்பி வாங்காதீர்கள். திரும்பிய வழக்கு புது வழக்காகவே எண்ணப்படும், பதிவானதெல்லாம் வீண். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 24-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மாற்ற மனு போடுங்கள். அதிகார எல்லை இல்லாத கோர்ட்டிலிருந்தும் வழக்கை மாற்ற அந்தப் பிரிவு இடம் தருகிறது, விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியுண்டு. ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தால் மாவட்டம் தாண்டி அனுப்ப முடியாது. நீலகிரிக்கும் கோவைக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். கொடைக்கானல்காரர் மதுரைச் சிறையில் இருந்தால் அதன் மதுரைக் கிளை.

வழக்கைக் கொல்வது பெரும்பாலும் காலக்கெடுதான். சட்டப்படியான அதிகாரத்தின் பேரில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்டஈடு கேட்க ஒரே ஒரு வருடம்தான். சிறையில் இருப்பது அதை நீட்டிக்காது. அரசின் மேல் வழக்குப் போடும் முன் தர வேண்டிய முன்னறிவிப்பான பிரிவு 80 நோட்டீஸுக்குரிய (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) இரண்டு மாதம் கழிக்கப்படும். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் நடத்திய காலமும் கழியும் (காலவரையறைச் சட்டம், பிரிவு 14). கணக்கு இப்படி: சம்பவம் ஜனவரி 10. ஒரு வருடமும் நோட்டீஸ் காலமும் சேர்ந்து மறு ஆண்டு மார்ச் 10 வரை. கோத்தகிரியில் தாக்கல் பிப்ரவரி 20 என்றால் மிச்சம் 18 நாள். செப்டம்பர் 5 அன்று திரும்பினால், செப்டம்பர் 23-க்குள் கோவையில் இருக்க வேண்டும். புதிதாக ஒரு வருடம் கிடைக்கும் என்று நம்பிக் கெட்டவர்கள் உண்டு.

புது வக்காலத்தில் சிறைவாசி கையெழுத்தோ கைநாட்டோ வைத்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் சான்றிட்டு முத்திரை வைக்க வேண்டும். இதற்கே நாட்கள் போகும். வழக்குரை திரும்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்குரையில் திருத்தம் செய்திருந்தால் சொன்னதெல்லாம் உண்மை என்று இடமும் தேதியும் போட்டுக் கையெழுத்திடும் சரிபார்ப்புப் பத்தியும் புதிதாக வேண்டும். ஆள் கோவைச் சிறையில் இருக்க, இடம் ‘கோத்தகிரி’ என்று பழைய நகலிலிருந்து அப்படியே வந்துவிடும். தாக்கலாகும் தாள்களைச் சரிபார்க்கும் கோர்ட் அலுவலரான சிரஸ்தாரின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்றக் கட்டணத்துக்கு ஆணை 33-இன் கீழ் ஏழை வழக்காளி மனு தனியாகப் போட வேண்டும்.

கோவைக்கு மாற்றுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிறைக்கும் கோர்ட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால், கமிஷன் விசாரணை (கோர்ட் நியமிக்கும் ஒருவர் நேரில் போய்ச் சாட்சியம் பதிவது) போதாது என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் சிறைவாசியைச் சாட்சிக்கூண்டுக்கு அழைத்துவர உத்தரவிடுவார். கோத்தகிரி அந்த எல்லைக்கு வெகுதூரம் வெளியே.