எலக்ட்ரோலிசிஸ் ஊசி: முகத்தில் வைக்கும் முன் மஞ்சள் காகிதத்தில் வையுங்கள்

எலக்ட்ரோலிசிஸ், அதாவது ஊசியும் மின்சாரமும் கொண்டு முடியை வேரோடு அழிக்கும் முறை, படித்து முடித்து, மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் கடை போடுகிறவர்களுக்கு இது. ஊசி இறக்கும் கோணம், முடியைப் பிடிக்கும் விதம் எல்லாம் வகுப்பிலேயே கைக்கு வந்திருக்கும். அதைத் தொடப் போவதில்லை. மின்சாரப் பாடத்தைத்தான் பலர் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். மெஷின் மக்கர் பண்ணினால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்ப வேண்டிய ஊரில் இருந்துகொண்டு அதை மறக்க முடியாது.

முதலில் ஒன்று. டி.சி. (ஒரே திசையில் ஓடும்) மின்னோட்டத்தால் செய்யும் கேல்வனிக் முறையில் முடிவேரை அழிப்பது நேரடியாக மின்சாரம் அல்ல, காரம். வேர்க்குழியில் இருக்கும் உப்பும் நீரும் டி.சி. மின்னோட்டம் பாய்ந்ததும் பிரிகின்றன. எதிர்முனையில், அதாவது ஊசியில், சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். குழியின் வாயில் வெள்ளையாக நுரை தள்ளுகிறதே, அது அந்த ஹைட்ரஜன்தான். நேர்முனை வாடிக்கையாளர் கையில் பிடித்திருக்கும் உலோகத் தண்டு. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் உள்பக்கம் வளர்ந்த கண்ணிமை முடிகளை எடுத்ததும் இதே வேதியியலால்தான்.

எவ்வளவு காரம் உண்டாகும் என்பது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தெரியும். 0.1 மில்லிஆம்பியர் ஒரு வினாடி ஓடினால் 1 யூனிட் காரம். (டி.என்.பி. மின்சார பில்லில் வரும் யூனிட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 0.3 மில்லிஆம்பியரை 20 வினாடி விட்டாலும் 60 யூனிட், 0.6-ஐ 10 வினாடி விட்டாலும் 60 யூனிட். காரம் ஒன்றுதான், எரிச்சல் ஒன்றல்ல. பழகுகிற காலத்தில் குறைந்த மின்னோட்டம், கூடுதல் நேரம் என்றே போங்கள். பூனைமுடிக்குத் தோராயமாக 15 யூனிட், தாடைப் பகுதியின் தடித்த ஆழமான முடிக்கு 80 வரை என்பது வழக்கமான கணக்கு. சரியாக வேலை நடந்திருந்தால் முடி வழுக்கிக்கொண்டு வரும். இழுக்க வேண்டியிருந்தால் வேர் இன்னும் சாகவில்லை.

இனி, அதிகம் பேர் சறுக்கும் இடம்: துருவம், அதாவது எது நேர்முனை, எது எதிர்முனை என்பது.

ஊசி தவறுதலாக நேர்முனை ஆகிவிட்டால் அங்கே காரத்துக்குப் பதில் அமிலம் வரும். அதைவிடக் கொடுமை, ஊசியின் எஃகு கரைந்து அதிலுள்ள இரும்பு தோலுக்குள் படிந்துவிடும். பச்சை குத்தியது போல ஒரு கருப்புப் புள்ளி. மேலுதட்டில் அப்படி ஒன்று விழுந்தால் அந்த வாடிக்கையாளரும் வரமாட்டார், அவர் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் மற்றவர்களும் வரமாட்டார்கள். இது எப்படி நடக்கிறது? முடி எடுத்தபின் தோலை ஆற்ற நேர்முனை உருளையை முகத்தில் ஓட்டுகிறோம் அல்லவா, அதற்காகத் துருவ சுவிட்சைத் திருப்பியவர் அடுத்த ஆளுக்கு ஊசி எடுக்கும்போது அதைத் திரும்பப் போட மறந்துவிடுவார். இன்னொரு காரணம், மலிவு விலை மாற்று வயர்களில் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருப்பது. நிறத்தை நம்பாதீர்கள்.

சோதிக்க மஞ்சள் போதும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதே இங்கும் விதி.

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு மேசைக்கரண்டி மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கலக்குங்கள். தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது. வண்டல் அடங்கியதும் தெளிந்ததில் காபி வடிகட்டும் காகிதத்தை நனைத்து நிழலில் காயவைத்து, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் இந்த வேலை வேண்டாம்.

சோதிக்கும்போது அரை கிளாஸ் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஒரு துண்டை நனையுங்கள். பீங்கான் அல்லது பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். சில்வர் தட்டு கூடாது. மின்சாரம் காகிதத்தை விட்டுத் தட்டு வழியாக ஓடிவிடும். ஒரு நுனியில் நேர்முனைத் தண்டு, நாலு சென்டிமீட்டர் தள்ளிப் பழைய ஊசி. 1 மில்லிஆம்பியர், ஒரு நிமிடம். ஊசி முனையைச் சுற்றிக் குங்குமம் தொட்டு வைத்தாற்போல் சிவப்பு விழுந்தால் துருவம் சரி. சிவப்பு தண்டுக்கு அடியில் விழுந்தால் மெஷினை நிறுத்துங்கள், வயரைப் பாருங்கள். சோதித்த ஊசியைக் கழிவு ஊசிப்பெட்டியில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது டயல் உண்மை சொல்கிறதா என்பது. எலக்ட்ரானிக் கடையில் 10 கிலோஓம் மின்தடை ஒன்று வாங்குங்கள், சில சென் தான். நிறக்கோடுகள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு, தங்கம். வாடிக்கையாளர் இருக்க வேண்டிய இடத்தில், தண்டுக்கும் ஊசிப்பிடிக்கும் நடுவில், அதை மாட்டி அதன் இரு கால்களிலும் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். ஓம் விதிப்படி 1 வோல்ட் என்றால் 0.1 மில்லிஆம்பியர். டயலில் 0.5 வைத்தால் மீட்டரில் 5 வோல்ட் வர வேண்டும். 7 வந்தால் நிஜத்தில் ஓடுவது 0.7. அந்த வித்தியாசத்தை எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மீட்டரின் சிவப்பு வயர் தண்டுப் பக்கம் இருக்கும்போது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் துருவம் தலைகீழ். மீட்டர் வயரையே மாற்றிச் செருகியிருக்கலாம் என்பதால் எனக்கு மஞ்சள் காகிதத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

அப்படியே இரண்டு மின்தடைகளை வரிசையாக மாட்டி, மீட்டரை இரண்டும் சேர்ந்த வரிசையின் இரு நுனிகளிலும் வைத்துப் பாருங்கள். வோல்ட் இரட்டிப்பானால் மெஷின் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கிறது. நல்லது. வோல்ட் மாறவில்லை என்றால் அது பழைய வகை, கையின் ஈரத்துக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறி இறங்கும். வாடிக்கையாளர் காய்ந்த கையோடு தண்டை லேசாகப் பிடித்திருக்கிறார், எண் ஏறவில்லை என்று நீங்கள் டயலைக் கூட்டுகிறீர்கள். அவர் வலியில் தண்டை இறுக்கிப் பிடித்ததும் மின்தடை குறைந்து சுரீர் என்று இழுக்கும். ஆகவே தண்டின் பஞ்சு உறையை நனைத்து, தண்டை இறுகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பூஜ்யத்திலிருந்து ஏற்றுங்கள். நனைக்கக் குழாய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போதும். காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் தாது மிகக் குறைவு, மின்சாரம் சரியாக ஓடாது.

தண்டு பிடிக்கும் கையில் மோதிரம், வளையல் இருக்கக் கூடாது. சின்ன உலோகத்தில் மின்னோட்டம் குவிந்து புண்ணாகும். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், முதுகுப்பக்கம் தள்ளிவிட்டால் போதும், ஊசி அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குச் செய்யவே வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

இன்னொரு முறையான தெர்மோலிசிஸ் வேறு கதை. அங்கே 13.56 மெகாஹெர்ட்ஸ் உயர் அதிர்வெண் மின் அலை, வேலை செய்வது வெப்பம். காரம் இல்லாததால் மஞ்சள் சிவக்காது. மல்டிமீட்டரும் கன்னாபின்னாவென்று காட்டும், வைக்காதீர்கள். உறை பூசிய ஊசி அதற்குப் பொருந்தும். கேல்வனிக்குக் கூடாது, ஊசியின் முழு நீளத்திலும் காரம் ஊற வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த மெஷின் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும்; பிளக் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. மாலையில் இடி முழங்க ஆரம்பித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: காகிதம் முழுக்கவே சிவந்துவிடுகிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். தட்டில் சோப்பு மிச்சமிருக்கிறது. சோப்பும் காரம்தானே. நன்றாக அலசித் துடைத்து, மெஷினைப் போடாமல் காகிதத்தை ஒரு நிமிடம் சும்மா வைத்துப் பாருங்கள். மஞ்சளாகவே இருந்தால் அப்புறம் சோதியுங்கள்.