ஞாயிறு காலை, மொட்டைமாடி, பனியன் வேஸ்ட் மூட்டை

திருப்பூரில் பதினெட்டு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்தேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டில் வீடு திரும்பும் பெண்களுக்காக, ஞாயிறு காலைகளில் எங்கள் மொட்டைமாடியில் தற்காப்பு வகுப்பு நடத்துகிறேன். எனக்குத் தெரிந்தது சித்தப்பா கற்றுக்கொடுத்த குத்துவரிசை. உங்கள் தெருவிலும் தொடங்க நினைத்தால், நான் சறுக்கிய இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நாளே ஆளைத் தோள்மேல் தூக்கிப் போடும் வித்தையைக் காட்டினேன். பலத்த கைதட்டல். மறுவாரம் பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள். விரித்திருந்த ஜமுக்காளம் வழுக்கி ஓர் அக்காவுக்கு முழங்கை வீங்கியதுதான் மிச்சம். இப்போது வெறும் சிமென்ட் தரைதான். தூக்கிப் போடுவதும் இல்லை.

முதல் அரை மணி நேரத்தைக் கத்துவதற்கு ஒதுக்குங்கள். இதுதான் மிகக் கடினம். கொங்கு நாட்டில் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசிப் பழகிய நாக்கு எங்களுடையது. கையைப் பிடித்து இழுப்பவனிடமும் 'விடுங்க' என்றுதான் வாய் வருகிறது. அந்த 'ங்க' உதிர இரண்டு வாரம் ஆகும். 'விடு!' என்பதோடு 'நீ யாரென்றே எனக்குத் தெரியாது!' என்றும் கத்தப் பழக்குங்கள். இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து, பார்ப்பவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது மணிக்கட்டுப் பிடி. பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் ஓட்டை. நேராகப் பின்னால் இழுத்தால் நான்கு விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். முன்கையின் மெல்லிய விளிம்பை அந்த ஓட்டைக்கு நேராகத் திருப்பி, அவன் பக்கம் ஓர் அடி வைத்து, முழங்கையை மடக்கித் தோளுக்குக் கொண்டுவந்தால் கழன்றுவிடும். மெதுவாக இருபது முறை, பிறகு வேகமாக. ஜோடியாகப் பழகும்போது 'பிடிக்கட்டுமா?' என்று கேட்ட பிறகே தொட வேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினால் காரணம் கேட்காதீர்கள்.

அடிக்க, சாக்கில் பனியன் வேஸ்ட்டைத் திணித்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தினால் நம் விரல்தான் முறியும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கைக் குறிவைத்துத் தள்ளுவது போதும். தள்ளியதும் ஓடிவிட வேண்டும். தற்காப்பு உரிமையை, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தருகின்றன. தேவைக்கு மேல் தாக்க அவை இடம் தருவதில்லை.

வேலைக்குப் போகும் உடையிலேயே வரச் சொல்லுங்கள். டைலராகச் சொல்கிறேன், இறுக்கமான பேன்ட்டில் முழங்கால் இடுப்புவரை எழாது. கழுத்தைச் சுற்றிய துப்பட்டா இழுப்பவனுக்குக் கயிறு. அதை வகுப்பிலேயே தெரிந்துகொள்ளட்டும். சனிக்கிழமை சம்பளப் பணத்தை எவனாவது பிடுங்கினால் பையை ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறு பக்கம் ஓடச் சொல்கிறேன். இதற்கு மட்டும் எல்லோரும் என்னோடு சண்டை போடுகிறார்கள்.

பாலியல் தொல்லை தருபவன் சூப்பர்வைசராக இருந்தால் உள்ளங்கை அடி உதவாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது, பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம். புகாரை, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், அருகில் இருந்தவர்களின் பெயர்களைக் குறித்து வைக்கும் பழக்கத்தையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் போன் பயிற்சி. 112 அவசர உதவிக்கு, 181 பெண்கள் உதவிக்கு. நடுவில் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்பதால் முதலில் இடம், பிறகு பெயர். எங்கள் பகுதியில் சந்துகளெல்லாம் ஒன்றுபோல இருக்கும். கடைப் பலகையையோ மின்கம்பத்தின் எண்ணையோ படித்துச் சொல்ல வேண்டும். நான் போலீஸாக நடித்து, 'எங்கே இருக்கிறாய்?' என்று கேட்பேன். 'வீட்டுக்குப் பக்கத்திலதானுங்க' என்று பதில் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.